ஒரு நாளைக்கு ஒரு நகம்: பூனையை மிரட்டாமல் நகம் வெட்டுவது எப்படி?

(ஒலிப்பதிவில் பேசியதை வாசிப்பதற்கு வசதியாகத் திருத்தித் தொகுத்த வடிவம் இது. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு கோடிங் இல்ல, இன்டர்வியூ டிப்ஸ் இல்ல. பூனை நகம். சிரிக்காதீங்க, இந்த வருஷம் நமக்கு வந்த குரல் பதிவுகள்ல அதிகமா வந்த விஷயங்கள்ல இதுவும் ஒண்ணு. பூனை வளர்க்கிற இன்ஜினியர்ஸ் நம்ம கூட்டத்துல நிறைய பேர் இருக்கீங்க போல.

முதல்ல ஒரு சின்ன கேள்வி. பூனைக்கு மொத்தம் எத்தனை நகம்? சட்டுனு கேட்டா 20ன்னு தான் வாய்ல வரும். ஆனா 18. முன்னங்கால் ஒவ்வொண்ணுலயும் 5, பின்னங்கால் ஒவ்வொண்ணுலயும் 4. இந்த 18ங்கிற எண்ணை ஓரமா வெச்சுக்கோங்க, பின்னாடி ஒரு கணக்குக்குத் தேவைப்படும்.

எதுக்கு இவ்வளவு பேச்சு?

சேலத்திலிருந்து ஒரு நேயர் அனுப்பின குரல் பதிவோட சுருக்கம் இது:

"ப்ரோ, எங்க பூனைக்கு 12 வயசு. போன மாசம் நொண்ட ஆரம்பிச்சுது. டாக்டர் பார்த்துட்டு, முன்னங்கால் உள்பக்க நகம் வளைஞ்சு சதைக்குள்ளயே போயிருக்குன்னு சொன்னார். மயக்க ஊசி போட்டுத்தான் எடுத்தாங்க. இனிமே ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்டணுமாம். ஆனா அம்மா துண்டை எடுத்தாலே அது கட்டிலுக்கு அடியில போயிடுது. இழுத்து வெளிய எடுத்தா கடி, கீறல். அம்மாவுக்கு சுகர் இருக்கு, புண்ணு சீக்கிரம் ஆறாது. வேலைக்காக நான் பெங்களூர்ல இருக்கேன். என்ன பண்றதுன்னே தெரியல."

இதுல பூனைக்கும் வலி, அம்மாவுக்கும் வலி. இப்படி நிறைய வீட்ல நடக்குது. "கோபக்கார பூனை"ன்னு பேர் வாங்கி, கடைசியில மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ போய்ச் சேர்ற பூனைகளும் உண்டு. சில நாடுகள்ல நகத்தோட சேர்த்து விரலோட கடைசி எலும்பையே வெட்டி எடுக்கிற ஆபரேஷன் ரொம்ப காலமா நடந்துட்டு இருந்துச்சு. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலம் 2019ல தான் அதைத் தடை பண்ணுச்சு. இவ்வளவு தூரம் போகிற பிரச்சினை, தினம் ரெண்டு நிமிஷத்துலயும் கொஞ்சம் கோழிக்கறியிலயும் அடங்கிப் போகும்னா பேசத்தானே வேணும்?

நகத்துக்குள்ள என்ன இருக்கு?

பூனை நகம் நம்ம நகம் மாதிரி தட்டையா இருக்காது. ரெண்டு பக்கமும் அமுங்கின கொக்கி மாதிரி இருக்கும். சும்மா இருக்கும்போது உள்ளே மடங்கியே இருக்கும். விரலுக்கு மேலயும் கீழயும் மெதுவா அழுத்தினா வெளிய நீளும்.

நகம் அடுக்கு அடுக்கா வளருது. பூனை சாக்குல, கோரைப்பாயில, சோபாவுல பிறாண்டும்போது மேல் அடுக்கு கழன்று விழும். வீடு கூட்டும்போது பிறை மாதிரி ஒரு சின்ன ஓடு கிடைக்குமே, அது தான். "நகம் பிஞ்சு விழுந்துடுச்சு"ன்னு பயப்பட வேண்டாம். ஆனா வயசான பூனைக்கு மூட்டு வலி வந்தா பிறாண்டறது குறையும். அப்போ பழைய அடுக்கு கழலாம, நகம் தடிச்சு, வளைஞ்சுக்கிட்டே போகும். முக்கியமா முன்னங்கால் உள்பக்கம் நம்ம கட்டைவிரல் மாதிரி ஒண்ணு இருக்கும். அது தரையில படாது, தேயாது. சேலத்துப் பூனைக்கு உள்ளே போனதும் அந்த நகம் தான். வெளிய இருந்து பார்த்தா ரோமத்துல மறைஞ்சே இருக்கும்.

நகத்துக்குள்ள இளஞ்சிவப்பா தெரியறது நகக்கண். ரத்தக்குழாயும் நரம்பும் ஓடற இடம். அங்க வெட்டினா வலிக்கும், ரத்தம் வரும். அதைத் தாண்டி வெள்ளையா, கூரா இருக்கிற நுனிக்கு உணர்ச்சி கிடையாது. நாம வெட்ட வேண்டியது அந்த நுனியில ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தான்.

இதுல ஒரு விஷயம் புரியுதா? சரியா வெட்டினா நகம் வெட்டறதுல வலியே கிடையாது. அப்புறம் ஏன் பூனை உயிர் போற மாதிரி கத்துது? பிடிக்கிறதுனால. கத்தரியை விட நம்ம பிடி தான் அதுக்குப் பயம்.

1898ல ஒரு பெட்டியும் சில பூனைகளும்

இப்ப கொஞ்சம் வரலாறு. எட்வர்ட் தார்ன்டைக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர். கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஆய்வு மாணவரா இருந்தப்போ மரச்சட்டம் அடிச்ச சின்னச் சின்னப் பெட்டிகள் செஞ்சார். பசியில இருக்கிற பூனையை உள்ளே விட்டு, வெளிய தீனி வெச்சார். உள்ளே ஒரு கயிறோ நெம்புகோலோ இருக்கும். அதை இழுத்தாலோ அழுத்தினாலோ கதவு திறக்கும்.

பூனை என்ன பண்ணும்? கடிக்கும், பிறாண்டும், சந்துல தலையை நுழைக்கும். இந்த அமளியில தற்செயலா கயிறு இழுபடும், கதவு திறக்கும். மறுபடி மறுபடி உள்ளே விட்டப்போ, வெளிய வர எடுத்துக்கிட்ட நேரம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கடைசியில உள்ளே விட்டதும் நேரா கயிறுகிட்ட போயிடுச்சு. 1898ல அவர் இதை ஆய்வேடா வெளியிட்டார். நல்ல பலன் கொடுத்த செயல் திரும்ப நடக்கும், பலன் கொடுக்காதது மறைஞ்சு போகும். இதுக்குத்தான் பின்னாடி விளைவு விதின்னு பேர் வந்துச்சு.

இப்ப நம்ம வீட்டு ஹாலுக்கு வாங்க. பூனையை மடியில அமுக்கிப் பிடிக்கிறோம். அது நெளியுது, விடல. கத்துது, விடல. கடிச்சுது, "ஆ"ன்னு விட்டோம். கதவு திறந்துடுச்சு.

நம்ம மடி தான் தார்ன்டைக் பெட்டி. கடி தான் கயிறு. அடுத்த தடவை பூனை நெளியறதுல, கத்தறதுல நேரத்தை வீணாக்காது, நேரா கயிறுக்குப் போயிடும். "எங்க பூனை வர வர மோசமாயிட்டே போகுது"ன்னு சொல்றோம் இல்லையா, பூனை மோசமாகல. நல்லா கத்துக்கிட்டு இருக்கு. கற்றுக்கொடுக்கிறது நாம.

அப்போ இன்னும் இறுக்கிப் பிடிச்சா? பூனைக்கு பயம் கூடும், நமக்குக் கீறல் கூடும். பிடரியைப் பிடிச்சுத் தூக்கினா அமைதியாயிடும்னு சொல்லுவாங்க. தாய்ப்பூனை அப்படித் தூக்கறது சில வாரக் குட்டிகளை மட்டும் தான். வளர்ந்த பூனை அப்படியே உறைஞ்சு போறது அமைதி இல்ல, பயம். அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் பன்னாட்டுப் பூனை மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2022ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, மருத்துவமனையில கூட பிடரியைப் பிடிக்க வேண்டாம்னு சொல்றாங்க.

ட்ரீட் லஞ்சம் இல்லை

"ட்ரீட் எல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சு ப்ரோ, ட்ரீட்டைத் தின்னுட்டு ஓடிடுது." இதுவும் அடிக்கடி வர்ற புகார். இங்க தான் பாவ்லோவ் வர்றார். அவரோட நாய்க் கதை ஸ்கூல்லயே படிச்சிருப்போம். முதல்ல சத்தம், பின்னாடி சாப்பாடு. கொஞ்ச நாள்ல சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும். இந்தக் கதையில நாம கவனிக்காம விட்டது வரிசை. சத்தம் முன்னாடி, சாப்பாடு பின்னாடி.

நம்ம வீட்ல நடக்கிறது தலைகீழ். ட்ரீட் பாக்கெட்டைக் காட்டிப் பூனையைக் கூப்பிடறோம், வந்ததும் பிடிச்சு அமுக்கறோம். முதல்ல ட்ரீட், பின்னாடி பிடி. பூனை என்ன கத்துக்கும்? "இந்தப் பாக்கெட் சத்தம் கேட்டா பிடிக்கப் போறாங்க." நல்ல ட்ரீட்டே அபாயச் சங்கா மாறிடும். அடுத்த வாரம் அதே பாக்கெட்டை ஆட்டினா கட்டிலுக்கு அடியில போயிடும்.

அதனால இந்த அத்தியாயத்துல ஒரே ஒரு வரி தான் எடுத்துட்டுப் போகணும்னா இது தான்: முதல்ல தொடு, உடனே ட்ரீட், பூனை திமிறும் முன்னாடியே விடு.

தொட்டதுக்கும் ட்ரீட்டுக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு நொடிக்கு மேல போகக் கூடாது. நம்ம பாஷையில சொன்னா லேட்டன்சி குறைவா இருக்கணும். தொட்டுட்டு எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்துட்டு வந்தா, பூனை ஃப்ரிட்ஜைத் தான் விரும்பும், உங்க கையை இல்ல. ட்ரீட் முன்கூட்டியே தயாரா, பூனைக்குக் காட்டாம, பின்னாடி ஒரு கிண்ணத்துல இருக்கட்டும்.

எந்த ட்ரீட், எவ்வளவு?

பூனைக்கு எது ரொம்பப் பிடிக்கும்னு பூனைகிட்டயே கேளுங்க. ஒரு தட்டுல மூணு வகை கொஞ்சம் கொஞ்சமா வையுங்க. எதை முதல்ல காலி பண்ணுதோ அது தான். டியூப்ல வர்ற கிரீம் ட்ரீட் நிறைய பூனைகளுக்குப் பிடிக்கும், நக்கிச் சாப்பிடறதால கொஞ்ச நேரம் நீடிக்கும். அது கட்டுப்படியாகலன்னா வேக வெச்ச கோழி நெஞ்சுக்கறி போதும். உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயம், பூண்டு ரெண்டும் பூனைக்கு விஷம், ரத்தச் சிவப்பணுக்களை அழிச்சுடும். அதனால நம்ம குழம்புல கிடந்த துண்டைக் கழுவிக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

அளவுக்கு ஒரு கணக்கு. 4 கிலோ இருக்கிற வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குத் தோராயமா 200 கலோரி தேவை. ட்ரீட் அதுல பத்துல ஒரு பங்கைத் தாண்டாம இருக்கிறது நல்லதுன்னு கால்நடை மருத்துவர்கள் சொல்லுவாங்க. அதாவது 20 கலோரி. வேக வெச்ச கோழி நெஞ்சுக்கறி 100 கிராம்ல சுமார் 165 கலோரி. அப்போ நமக்கு 12 கிராம் இருக்கு. பொட்டுக்கடலை அளவுக்குப் பிச்சா இருபது முப்பது துண்டு தாராளமா வரும். ஒரு தடவைக்கு அவ்வளவு தேவையே படாது.

இன்னொண்ணு. அந்த ட்ரீட்டை இந்த வேலைக்கு மட்டும் வெச்சுக்கோங்க. சும்மா வர்றப்போ போறப்போ கொடுத்தா மதிப்பு குறைஞ்சுடும்.

படிப்படியா

நேரம்: விளையாடி முடிச்சு, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி. வயிறு லேசா காலி, உடம்பு லேசா சோம்பல். குக்கர் விசில் அடிக்கிற நேரமும், தெருவுல பட்டாசு வெடிக்கிற நாளும் வேண்டாம். தினமும் ஒரே இடம், ஒரே பாய் இருந்தா இன்னும் நல்லது. பூனை எழுந்து போக வழி திறந்தே இருக்கட்டும். கதவைச் சாத்தினா அதுவே பெட்டி.

முதல் படி, தோள். தோள்ல ஒரு விரல் வெச்சு எடுங்க, ட்ரீட். அவ்வளவு தான். அஞ்சாறு தடவை. அன்னைக்கு முடிஞ்சுது. அடுத்தடுத்த நாள்ல முழங்கை, அப்புறம் பாதம்னு இறங்குங்க.

இரண்டாவது படி, பாதம். பாதத்தை உள்ளங்கையில ஏந்தற மாதிரி ஒரு நொடி. ட்ரீட். பிடிக்காதீங்க, ஏந்துங்க. அப்புறம் ரெண்டு நொடி, மூணு நொடி.

மூன்றாவது படி, நகத்தை வெளிய கொண்டு வர்றது. ஒரு விரலை மெதுவா அழுத்துங்க, நகம் நீளும், விடுங்க, ட்ரீட். இதுவரைக்கும் வீட்ல கத்தரியே வெளிய வரல, கவனிச்சீங்களா?

நான்காவது படி, கத்தரி. பூனைக்குன்னு நுனியில சின்ன பிறை மாதிரி வளைவு வெச்ச கத்தரி கிடைக்கும். நம்ம நகவெட்டி மழுங்கலா இருந்தா, நகத்தை மேலும் கீழுமா நசுக்கிப் பிளந்துடும். அது வலிக்கும், மறக்காது. கத்தரியை முதல்ல பாய்ல வையுங்க. பூனை மோந்து பார்த்தா ட்ரீட். அடுத்து சத்தம். வேக வைக்காத ஸ்பகெட்டி ஒண்ணை பூனை பக்கத்துல "டிக்"னு வெட்டுங்க, ட்ரீட். ஸ்பகெட்டி இல்லாத வீடுன்னா ஈர்க்குச்சியோட மெல்லிசு நுனியே போதும், நகம் வெட்டற சத்தம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். அதுக்கும் அசையலன்னா கத்தரியை நகத்துல தொட்டு எடுங்க, வெட்டாதீங்க. ட்ரீட்.

ஐந்தாவது படி, ஒரு நகம். நல்ல வெளிச்சத்துல, நகக்கண்ணுக்கு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி, நுனியை மட்டும். ட்ரீட். நிறுத்துங்க. "அட, நல்லா ஒத்துழைக்குதே, இன்னும் நாலு வெட்டிடலாம்"னு தோணும். அந்த ஆசையை அடக்கறது தான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. பூனை "இன்னும் கொஞ்சம் இருக்கா?"ன்னு கேட்கிற நிலையில முடிக்கணும்.

எப்போ அடுத்த படிக்குப் போறது? காலண்டரைப் பார்க்காதீங்க, பூனையைப் பாருங்க. தொட்டதும் அது விலகாம, "எங்க என் ட்ரீட்?"னு உங்க மற்ற கையைத் தேடித் திரும்பினா அந்தப் படி பாஸ். ஒரு படிக்கு ஒரு நாளும் ஆகலாம், ரெண்டு வாரமும் ஆகலாம்.

18 நகம், 18 நாள்

இப்ப அந்தக் கணக்கு. வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனைக்கு ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்டினா போதும். ஒரு நாளைக்கு ஒரு நகம்னா 18 நகத்துக்கு 18 நாள். ரெண்டரை வாரம். அதுக்குள்ள முதல்ல வெட்டினது திரும்ப வளர்ந்து வரிசைக்கு வந்துடும். அதாவது, நகம் வெட்டற நாள்னு ஒண்ணு தேவையே இல்ல! எல்லா நகத்தையும் ஒரே மூச்சுல வெட்டணும்னு யாரும் சட்டம் போடல. மாசத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரப் போருக்குப் பதிலா, தினமும் பத்து நொடி.

பின்னங்கால் நகம் பல பூனைகளுக்கு அவ்வளவு கூராவோ நீளமாவோ ஆகாது. அப்போ முன்னங்கால் 10 தான் கணக்கு. சேலத்து அம்மாவுக்கு இன்னும் சுலபமா சொல்றேன்: முதல்ல அந்த உள்பக்க நகம் ரெண்டை மட்டும் குறி வையுங்க. ஆபத்து அதுல தான். மத்தது மெதுவா வரட்டும். எந்த நகம் முடிஞ்சுதுன்னு தினசரி காலண்டர்ல ஒரு புள்ளி வெச்சுக்கிட்டா குழப்பம் இல்ல.

பூனை பேசறதைக் கேளுங்க

பூனை நேரா கடிக்காது. அதுக்கு முன்னாடி நிறைய சொல்லும். வால் நுனி துடிக்கும். காது பக்கவாட்டுல திரும்பும். முதுகுத் தோல் அலை மாதிரி சிலிர்க்கும். கண்மணி பெருசாகும். பாதத்தை லேசா இழுத்துக்கும். இதுல எது வந்தாலும் கையை எடுங்க, அடுத்த தடவை ஒரு படி பின்னாடி போங்க.

"பாதத்தை இழுத்ததும் விட்டா, இழுக்கிறதைத் தானே கத்துக்கும்?" நியாயமான கேள்வி, தார்ன்டைக் சொன்னபடி தான். ஆனா இழுக்கிறது பூனை பாஷையில "போதும்"ங்கிற மரியாதையான வார்த்தை. மரியாதையா சொன்னப்பவே கேட்டா, கடிச்சுச் சொல்ல வேண்டிய தேவை இல்ல. இதைவிட நல்லது, அது இழுக்கும் முன்னாடியே நாம விடறது. மூணு நொடியில இழுக்குதுன்னா ரெண்டு நொடியில விட்டுடுங்க.

எல்லாத்தையும் விடப் பெரிய அறிகுறி ஒண்ணு இருக்கு. ரொம்பப் பிடிச்ச ட்ரீட்டை மூக்குக்கு நேரா நீட்டியும் சாப்பிடலன்னா, பூனை பயத்துல இருக்கு. அந்த நிலையில அதுக்கு நல்லது எதுவும் பதியாது. அன்னைக்குக் கடையைச் சாத்திடுங்க.

நேயர் கேள்விகள்

*"ஒருத்தர் டியூப் ட்ரீட் நக்க வைக்க, இன்னொருத்தர் வெட்டலாமா?"*

ஏற்கனவே பழகின பூனைக்கு அருமையா வேலை செய்யும். ஆனா அங்கேயும் வரிசை மாறக் கூடாது. பாதத்தை ஏந்தின பிறகு டியூப் வரட்டும், பாதத்தை விட்டதும் டியூப் போகட்டும். பயந்த பூனைக்கு இதை முதல் நாளே பண்ணினா, டியூபையும் சேர்த்து வெறுத்துடும்.

*"ரத்தம் வந்துட்டா?"*

பதறாதீங்க, கத்தாதீங்க. சுத்தமான பஞ்சுல கொஞ்சம் கார்ன்ஃபிளார் மாவு தொட்டு நகத்து நுனியில சில நிமிஷம் அழுத்துங்க. பெரும்பாலும் நின்னுடும். பத்து நிமிஷம் தாண்டியும் நிக்கலன்னா டாக்டரைப் பாருங்க. அடுத்த சில நாள் வெட்டற பேச்சே வேண்டாம், தோள்ல தொட்டு ட்ரீட்னு முதல் படியில இருந்து ஆரம்பிங்க.

*"எங்க பூனை வெளிய போய் வரும். அதுக்கும் வெட்டணுமா?"*

பொதுவா வேண்டாம். மதில் ஏறவும், தெரு நாய்கிட்ட இருந்து தப்பிக்கவும் அதுக்கு நகம் தான் துணை. மரம், மண்ணுன்னு பிறாண்டி அதுவே தேய்ச்சுக்கும். உள்பக்க நகம் வளையுதான்னு மட்டும் அப்பப்போ பாருங்க. அப்படிப் பார்க்கவும் பாதத்தைத் தொட விடணுமே, அதனால முதல் மூணு படி எல்லாப் பூனைக்கும் பொருந்தும்.

*"நம்மைக் கீறிட்டா?"*

கீறின இடத்தை ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. அப்புறம் மருத்துவரைப் பாருங்க. "வீட்டுப் பூனை தானே"ன்னு விடாதீங்க. ரேபிஸ் தடுப்பூசி போடணுமான்னு அவர் முடிவு பண்ணட்டும். அரசு மருத்துவமனைகள்ல அந்த ஊசி இலவசம். பூனைக்கும் வருஷா வருஷம் தடுப்பூசி தவறாம போட்டுடுங்க. சர்க்கரை இருக்கிறவங்க சின்னக் கீறலையும் தள்ளிப் போடக் கூடாது.

*"தூக்க மாத்திரை ஏதாவது கொடுத்து வெட்டலாமா?"*

நீங்களா எதுவும் கொடுக்காதீங்க. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனை உயிரையே எடுத்துடும். தொடவே விடாத அளவுக்குப் பயந்த பூனைக்கும், நகம் ஏற்கனவே சதைக்குள்ள போன பூனைக்கும், டாக்டரே பயம் குறையற மருந்து கொடுத்து வெட்டிவிடுவார். அது தோல்வி இல்ல. நகப் பிரச்சினையை அவர் தீர்க்கட்டும். நீங்க வீட்ல தோள்ல தொட்டு ட்ரீட் கொடுக்கிறதை அன்னைக்கே ஆரம்பிங்க. ரெண்டும் தனித்தனி பாதையா ஒரே நேரத்துல ஓடலாம்.

*"குட்டிப் பூனை இப்ப தான் வந்திருக்கு."*

அதிர்ஷ்டசாலி நீங்க. இன்னைக்கே ஆரம்பிங்க. குட்டியா இருக்கும்போதே பாதத்தைத் தொடறது பழகிட்டா, 12 வயசுல யாருக்கும் மயக்க ஊசி தேவைப்படாது.

இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது

கத்தரி வாங்க ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை. பத்து பொட்டுக்கடலை அளவு கோழித்துண்டு. பூனை சோம்பலா படுத்திருக்கும்போது தோள்ல ஒரு தொடல், ஒரு துண்டு. பத்து தடவை. ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. அம்மாவோ பாட்டியோ தான் வீட்ல பூனையைப் பார்த்துக்கறாங்கன்னா, இதை அவங்களுக்கு ஃபோன்லயே சொல்லிடலாம், அவ்வளவு சுலபம்: "தொடுங்க, கொடுங்க, விடுங்க."

உங்க பூனை எந்தப் படியில நிக்குது, எந்த ட்ரீட் ஜெயிச்சுதுன்னு குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த அத்தியாயம் மறுபடி நம்ம வழக்கமான ரூட்டு: ராத்திரி 2 மணிக்கு சர்வர் விழுந்தா யாரை எழுப்பறது? அதுவரைக்கும், உங்க வீட்டு நாலு கால் மேனேஜருக்கு என் வணக்கத்தைச் சொல்லிடுங்க.